இனிஷியலுக்கு இடமில்லாத கட்டம்

திருப்பதியில் வெப்சைட் செய்து பிழைக்கும் யாமினிக்கு ஒரு பெருமை உண்டு. அவள் செய்த பக்கத்தைக் கண் மங்கியவர்கூடத் துணையில்லாமல் நிரப்பலாமாம். ஒரு தனியார் அறக்கட்டளையின் இலவசக் கண்புரை முகாமுக்கும் அவள்தான் பக்கம் செய்தாள். எழுத்து பெரிசு, பட்டன் பெரிசு. படிக்க முடியாதவர்கள் காதால் கேட்கலாம். தமிழுக்கு அவளே குரல் கொடுத்திருந்தாள்.

ஒரு மண்டலத்தில் இருபது பேர் பதிந்தால் அங்கே முகாம் பஸ் வரும். பாகாலாவில் முப்பத்தாறு. அவள் பிறந்த விஜயபுரத்தில் மூன்றே பேர். அதில் அவள் நைனா, அதாவது அப்பா ஆதிகேசவன் இல்லை. இரண்டு கண்ணிலும் புரை; போன வாரம்தான் வேர்க்கடலைக் கொல்லையில் வரப்பு தெரியாமல் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். போனில் கேட்டால், "பாத்துகினுதான் கீறேன்" என்பார். திங்கள் காலை பட்டியலை மூடிவிடுவார்கள்.

யாமினிக்கு ஒன்றும் புரியவில்லை. சிக்னல் இல்லையா? போன் பழசா? கூட வேலை செய்யும் கிரண்குமார் தன் பெயரைப் போட்டு நாலு தடவை சோதித்தான். நாலு தடவையும் பச்சை. உங்கள் ஊரில் எல்லாருக்கும் கண் நன்றாக இருக்கிறது போல என்று தெலுங்கில் கிண்டலடித்தான். அவளுக்கு எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஊருக்குப் போனாள். நைனா கையில் போனைக் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பெயர் போட்டார். அடுத்த கட்டம் குடும்பப் பெயர். தெலுங்குக்காரர்களுக்கு அது உண்டு. இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களில் ஏது? அப்பா பெயரின் முதல் எழுத்துதான். நைனா "மு" என்று போட்டார். கட்டம் சிவந்தது.

மூன்று எழுத்தாவது வேண்டும் என்று விதி வைத்தவள் யாமினிதான். காலேஜில் கிளார்க் ஒருவர் நைனா பெயரையே அவளுக்குக் குடும்பப் பெயராக எழுதிவிட்ட நாளிலிருந்து, அந்தக் கட்டத்தில் அவள் ஒருநாளும் தடுக்கி நின்றதில்லை.

வெட்கமாக இருந்தது. அங்கேயே லேப்டாப்பைத் திறந்து விதியை எடுத்தாள். பாதியில் நின்றுபோன பதிவுகளைப் பார்த்தாள். விஜயபுரத்தில் மட்டும் முப்பத்தொரு பேர். நைனா நம்பரிலிருந்து ஏழு தடவை.

"ஏழு தடவையா? எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா நைனா?"

"நீ பண்ணது தப்பாவா இருக்கும்? எனக்குத்தான் கண்ணு தெரியல, எதையோ மாத்தி அமுத்துறேன்னு நெனச்சிகினேன். அதுவும் நீயே சொல்றியே."

கட்டம் இன்னும் சிவப்பாகவே நின்ற போனில் கேட்கும் பட்டனை அமுக்கி, அவள் காதருகே பிடித்தார். உள்ளேயிருந்து அவள் குரல் மரியாதையாகச் சொன்னது: "நீங்கள் கொடுத்தது தவறு. மீண்டும் முயலுங்கள்."

யாமினிக்கு அழுகை வந்துவிட்டது. நைனாவைப் பதிந்த கையோடு மற்ற முப்பது பேருக்கும் அவளே போன் போட்டாள். இருட்டுவதற்குள் இருபத்தாறு ஆயிற்று; பஸ் உறுதி.

முதலில் எடுத்தவர் கமலம்மா. "தப்பு உங்க மேல இல்லம்மா, எம்மேலதான்" என்று யாமினி ஆரம்பித்ததுமே அவர் குறுக்கிட்டார்.

"ஏம்மா, தவறு தவறுன்னு சொல்லிகினே இருந்த பொண்ணு நீதானா?"