மாதங்கி செய்த கார்டு

கணினியில் விசையைத் தட்டியதும் மாதங்கி எழுந்துவிடுவார். டீ போடத்தான். கதவைத் தாண்டுவதற்குள் ‘டிங்’ என்று கணினி கூப்பிடும். “வந்துட்டேன், வந்துட்டேன். ஒரு டீ போட விடுதா பாரு” என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்புவார். கோச்சடை வீட்டு மாடியறையில் இது அன்றாடம் நடப்பது.

பயிரைத் தாக்கும் கிருமிகளின் மரபணுவை ஆய்வுக்கூடங்கள் நீண்ட எழுத்து வரிசையாகப் படித்து அனுப்பும். அதை ஏற்கெனவே அறிந்த வரிசைகளோடு ஒப்பிட்டு, கிருமி இன்னதென்று சொல்வது, கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மாதங்கி விடாமல் செய்யும் தொழில். அதற்கென்றே அவர் வடிவமைத்த மின்னணுக் கார்டு ஒன்று கணினிக்குள் இருக்கிறது. சாதாரணக் கணினி எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்தக் கார்டில் ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு கணக்கிகள் வரிசைகட்டி நின்று ஒரே சமயத்தில் பார்த்துவிடும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு கணினிப் பெட்டியின் மேல் இன்னும் காய்ந்து கிடக்கிறது.

கார்டு வருவதற்கு முன், ஓர் ஒப்பீடு முடியப் பொழுது சாய்ந்துவிடும். கல்லூரி ஆய்வகத்தில் கூட வேலை பார்த்த ஸ்யாமளாவும் அவரும் கணினியை ஓடவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பருத்திப்பால் குடிப்பார்கள். வளையல் கடையில் ஒன்றும் வாங்காமல் கை நிறையப் போட்டுப் பார்ப்பார்கள். தண்ணீரில்லாத வைகை மணலோரம் ஸ்யாமளா அவருக்கு ஸ்கூட்டர் பழக்கியதும் அந்த நாட்களில்தான்.

கார்டு முதன்முதலில் சரியாக ஓடிய அன்று ஆய்வகமே கைதட்டியது. ஸ்யாமளா மட்டும், “கெடுத்தயேடி. இனிமே என்ன சொல்லிட்டு வெளிய போறது?” என்றார். இருவரும் சிரித்தார்கள். பிறகு அந்த வேலைக்கு ஒரே ஆள் போதுமென்று ஆனது. ஸ்யாமளா புனேக்குப் போய்விட்டார். இப்போது பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் போன் வரும். “சீக்கிரம் முடியணும்னுதான் அம்புட்டு பாடுபட்டேன். முடிஞ்சு போச்சு” என்பார் மாதங்கி.

போன வாரம் சோழவந்தானிலிருந்து விருமாண்டி வந்திருந்தார். அவருடைய கொடிக்காலில் வெற்றிலைக் கொடிகள் ஒவ்வொன்றாக வாடிக்கொண்டிருந்தன. வேரில் கண்ட கிருமியின் வரிசை அன்று காலையில்தான் மாதங்கிக்கு வந்திருந்தது. மண்ணில் தங்கும் அழுகல் கிருமியென்றால் மொத்தக் கொடிக்காலையும் பிடுங்கியாக வேண்டும். மாதங்கி விசையைத் தட்டினார். விருமாண்டி இன்னும் உட்காரக்கூட இல்லை, ‘டிங்’ என்றது.

“அண்ணே, அந்தக் கிருமிதான். பிடுங்கிறதைத் தவிர வேற வழியில்ல.”

“அதுக்குள்ளயா? நல்லாப் பாத்தீகளா டீச்சர்?”

“பாத்துட்டேண்ணே. சந்தேகமே இல்ல.”

விருமாண்டி திரையை எட்டிப் பார்த்தார். “எங்கய்யா வச்ச கொடிக்கா. பிடுங்குன்னு சொல்ல இம்புட்டு நேரந்தானா?”

மாதங்கி மறுபடி கணினிப் பக்கம் திரும்பினார். “கார்டு இல்லாம இன்னொரு தடவ ஓட்டுறேன். சாயங்காலம் ஆயிரும்” என்றார்.

“மாறுமா?”

“மாறாதுண்ணே.”

விருமாண்டி சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார். “சரி. இருக்கேன்” என்றார்.

மாதங்கி கணினியை ஓடவிட்டார். திரையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். பிறகு தன் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.