பெரிய துப்பாக்கி வாங்கிய பெரிய மனிதர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மதுரை மேலமாசி வீதியில் ஒரு துப்பாக்கிக் கடையில் விற்பனையாளனாக இருந்தேன். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால்கள் வைத்திருந்த ஒரு பெரிய மனிதர், கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கிக்கொண்டு ஒருநாள் வந்தார். அதற்காக எத்தனை துரைமார்களுக்கு மாலை போட்டார் என்பது ஊருக்கே தெரியும்.

அவருக்குச் சின்னக் கை. மோதிரங்களைக் கழற்றினால் இன்னும் சின்னது. அதற்கேற்ற சிறிய ரிவால்வர் ஒன்றை எடுத்து வைத்தேன். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“இது பொம்பளைக சாமான். இருக்கிறதுலயே பெருசு எது?”

பட்டாளத்து அதிகாரிகள் இடுப்பில் கட்டும் ரிவால்வரைக் கொடுத்தேன். அதன் வாயில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்து மனம் குளிர்ந்துபோனார்.

“உதைப்பு ஜாஸ்திங்கய்யா. ஒருக்காச் சுட்டுப் பாத்துட்டு எடுங்க.”

அவனியாபுரத்தில் வற்றிக் கிடந்த கண்மாய்க்குக் கூட்டிப்போய், பதினைந்து அடி தள்ளி ஒரு மண்பானையை வைத்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு சுட்டார். குண்டு பானைக்கு முன்னாலேயே மண்ணில் புதைந்தது. துப்பாக்கி எகிறி அவர் நெற்றியில் புடைப்பு உண்டாக்கியது.

“தோட்டா பழசு போலருக்கே,” என்றார். அதையே வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் அதற்குத் தோல் உறை கொடுக்க அவருடைய கொடிக்காலுக்குப் போயிருந்தேன். பேசிக்கொண்டிருக்கையில் வாயில் நுரை வழிய ஒரு வெறிநாய் உள்ளே புகுந்தது. அவர் துப்பாக்கியை எடுத்தார், ஒரு தடவை சுட்டார், அங்கே நின்ற மாட்டுவண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பாத்தி வெட்டிக்கொண்டிருந்த கூலியாள் ஒருவர் மண்வெட்டியால் நாயை அடித்துக் கொன்றார். அதற்குள் அது அந்தக் கூலியாளின் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது.

பெரிய மனிதர் வெளியே வந்து, செத்த நாயைக் காலடியில் வைத்துச் சுட்டார்.

“பாத்தேல்ல? பெருசுன்னா பெருசுதான். ஒரே குண்டு.”

“பாத்தேங்கய்யா,” என்றேன். வியாபாரம் பழகிய என் நாக்கின் லட்சணம் அப்படி. பிறகு, “இவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணுமே,” என்றேன்.

“மஞ்சப் பத்துப் போட்டாச் சரியாப் போகும். இன்னும் ரெண்டு பாத்தி கெடக்கு.”

அவரைக் கேட்காமல் அந்த ஆளை மத்தியான ரயிலில் மதுரைக்குக் கூட்டிவந்தேன். பதினான்கு நாள் வயிற்றில் ஊசி போட்டார்கள். என் அறையில்தான் தங்கியிருந்தார். ஒருநாள் வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“அந்தய்யா மொதல்ல சுட்டது என் காதோரமாப் போச்சுண்ணே. நாயவிட அவருக்குத்தேன் பயந்தேன்.”

அவர் பிழைத்தார். கொடிக்கால் பக்கமே திரும்பிப் போகவில்லை. மதுரையிலேயே வண்டி ஓட்டினார். பெரிய மனிதரோ கல்யாண வீடுகளிலெல்லாம் நாயைச் சுட்ட கதையைச் சொல்லித் திரிந்தார். அதைக் கேட்டுவிட்டு அந்த வருஷம் இன்னும் இரண்டு பேர் அதே பெரிய ரிவால்வர்தான் வேண்டும் என்று கடைக்கு வந்தார்கள். நானும் ரசீது எழுதி எடுத்துக் கொடுத்தேன்.