பெரியப்பா செய்த மீன் தொட்டி

என் கையெழுத்து மோசம். பிழைகளும் இருக்கும், எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என்னை யாரும் நிறுத்தவில்லை, நானாக விட்டேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஏனென்றால் இது நிறுத்தப்பட்ட ஒருத்தியைப் பற்றியது.

போன மாதம் பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியம் தாராவியில் நடந்தது. மைக் பிடித்த ஒருவர், இந்தப் பக்கத்தில் முதன்முதலாக மீன் தொட்டிப் பட்டறை போட்டவர் பெரியப்பாதான் என்றார். வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கும் கைத்தொழில் கொடுத்து வாழவைத்தவர் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். எழுந்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து நெஞ்சு எரிகிறது. அதனால் எழுதுகிறேன்.

பெரியப்பா முதல் தொட்டி செய்த வருஷம் நான் மூன்றாவது படித்தேன், அக்கா ஏழாவது. இருவருக்கும் ஒரே முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடம். அங்கே ஏழாவதோடு முடிந்துவிடும். மேலே படிக்க மாதுங்காவுக்குப் போக வேண்டும், அப்பா அனுப்பமாட்டார் என்பது தெரிந்த விஷயம். அக்காவின் டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். வருஷக் கடைசியில் எங்கள் பள்ளியில் கண்காட்சி வைப்பார்கள். அதைப் பார்க்க மாதுங்கா பெரிய பள்ளியின் தலைமையாசிரியை வருகிறார், நன்றாகச் செய்கிற பிள்ளைக்குப் பள்ளிச் சம்பளம் இல்லாமல் இடம் தருவார், கிடைத்தால் அனுப்புவீர்களா என்று வீட்டுக்கே வந்து கேட்டார். டீச்சர் முகத்துக்கு நேரே மறுக்க அப்பாவுக்குக் கூச்சம். “கெடச்சாப் பாப்போம்” என்றார். அக்காவுக்கு அது போதும்.

மற்றப் பிள்ளைகள் களிமண்ணில் எரிமலையும் அட்டையில் அணைக்கட்டும் செய்தார்கள். அக்கா, உயிருள்ள கடல்மீனைக் கொண்டுவந்து வைப்பேன் என்றாள். கிங்ஸ் சர்க்கிளில் தங்கமீன் விற்கிற குஜராத்திக் கடை ஒன்று இருந்தது. வாங்க வந்தவள் மாதிரி நின்று, தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டாள். கடைக்காரர் சிரித்தார். நல்ல தண்ணீர் மீனையே ஜனங்கள் சாகடிக்கிறார்கள், உனக்குக் கடல்மீனா என்றார். அவள் நகரவில்லை. “லோஹா நஹீ, பீத்தல் நஹீ, தாம்பா நஹீ” என்று விரலை மடக்கினார். இரும்பு, பித்தளை, செம்பு எதுவும் உப்புத் தண்ணீரில் படவே கூடாது, கண்ணாடியும் ரப்பரும்தான் ஆகும். ஏன் என்று அக்கா கேட்பதற்குள் கடைக்கு வேறு ஆள் வந்துவிட்டது.

அவர் சொன்னதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். மூலைக் கடையில் கெஞ்சி, வாய் அகலமான இரண்டு மிட்டாய் ஜாடிகளை வாங்கினாள். சயான் ஆஸ்பத்திரியில் வார்டு பாயாக இருந்த பக்கத்து வீட்டு அண்ணன், சலைன் ஏற்றுகிற ரப்பர் குழாய் கொண்டுவந்து கொடுத்தார். காற்றுக்கு ஒரு பழைய லாரி டியூப். காலையில் சைக்கிள் பம்பால் அடித்து, குழாயைத் துணி மாட்டுகிற மரக் கிளிப்பால் நெரித்துவிட்டால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று வரும். குழாயின் நுனிக்குக் கால் தேய்க்கிற நுரைக்கல்லில் ஓட்டை போட்டுச் செருகினாள். அதிலிருந்து முத்து முத்தாகக் குமிழி கிளம்பியது. ஜாடியில் தண்ணீர் மட்டத்துக்கு நூல் கட்டினாள். தண்ணீர்தான் வற்றும், உப்பு வற்றாது, அதனால் நூலுக்குக் கீழே இறங்கினால் குழாய்த் தண்ணீர்தான் விட வேண்டும் என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தாள்.

கடல் தண்ணீருக்கு, சாக்கடை கலக்கிற மாகிம் கரை ஆகாது என்று பாந்திராவரை நடந்தோம். முதலில் சங்குக்குள் குடியிருக்கிற சின்ன நண்டுகளை மட்டும் விட்டாள். அவை நன்றாக நடமாடிய பிறகுதான், கடல் வற்றும்போது பாறைக் குழிகளில் தங்கிவிடுகிற வரிபோட்ட மீன்களைப் பிடித்துவந்தாள். எல்லாம் பிழைத்தன. வாரக்கணக்கில் பிழைத்தன. இதை அழுத்தி எழுதுகிறேன்.

கண்காட்சிக்கு முந்தின வாரம் பெரியப்பா வந்தார். இரும்பு ஆங்கிள் சட்டம் வெட்டி ஒட்டுகிற பட்டறை அவருடையது. அப்பா அதில் கூலிக்கு நின்றார்.

“என்னட்டி இது, ஊறுகா போட்டிருக்கியா?”

“மீன், பெரியப்பா.”

“மாதுங்காலேர்ந்து பெரிய மனுஷி வரா. நம்ம வீட்டுப் புள்ள மிட்டாய் ஜாடியும் லாரி டியூபுமா நிப்பா. பட்டறை வச்சிருக்கவன் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க? நான் ஒரு தொட்டி செஞ்சு தாரேன்.”

“இரும்பு கூடாதாம் பெரியப்பா.”

“துருப்பிடிக்கும். அது எனக்குத் தெரியாதாக்கும். உள்ள பெயிண்ட் அடிச்சிருவோம். இந்த ரப்பர் சனியனையும் எடுத்துட்டு, குழாய செம்புல போட்டுருவோம். செம்பு துருப்பிடிக்காது. கோயில்லயே தீர்த்தம் செம்புலதான் வச்சிருக்கான்.”

“செம்பும் கூடாதாம்.”

“ஏன்?”

அக்கா ஜாடியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

“ஏன்னு சொல்லுட்டி. சரியாச் சொன்னா விட்டுருதேன்.”

“தெரியல பெரியப்பா. கடைக்காரர் சொன்னார்.”

பெரியப்பா அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். “கேட்டியால? தங்கமீன் விக்கவன் எனக்குப் பட்டறை வேல சொல்லித் தாரான்.”

அப்பா அக்காவைப் பார்க்கவில்லை. “அண்ணன் சொல்லுதாவல்லா, கேளு” என்றார்.

தொட்டி அழகாக இருந்தது, அதை மறுக்க முடியாது. பச்சைப் பெயிண்ட், தெளிவான கண்ணாடி, நடுவில் தங்கம் மாதிரி வளைந்த செம்புக் குழாய். கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் கைவண்டியில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். “பாஜூ, பாஜூ” என்று கத்தி வழி விலக்கிக்கொண்டு நான் வண்டிக்கு முன்னால் ஓடினேன். எனக்கு அப்படி ஒரு பெருமை. அக்கா ஒரு ஜாடியையாவது மிச்சம் வைக்கலாம் என்று கேட்டுப் பார்த்தாள். தொட்டி நிறைய வேண்டாமா என்று பெரியப்பா இரண்டையும் தன் கையாலேயே அதற்குள் கவிழ்த்தார்.

காலையில் நண்டுகள் சங்கை விட்டு வெளியே வந்து கிடந்தன. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தலைமையாசிரியை வந்து நின்றபோது அசைந்தது ஒன்றுதான், அதுவும் பக்கவாட்டில் சாய்ந்து. “அடப் பாவம்” என்று சொல்லிவிட்டு அவர் எரிமலையைப் பார்க்கப் போனார். கூடவே வந்த பள்ளிக் கமிட்டிக்காரர் மட்டும் நின்று, கண்ணாடியைத் தட்டிப் பார்த்து, தொட்டி யார் செய்தது என்று கேட்டார். பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

அன்று வீட்டில் வைத்துப் பெரியப்பா சொன்னார்: “நாலு மீன உசிரோட வச்சிக்கத் தெரியல. இவ படிச்சுக் கிழிக்கப் போறா.” அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்கா அழவில்லை. மறுபடியும் என்னைக் கூட்டிக்கொண்டு பாந்திராவுக்கு நடந்தாள். ஒரே குழியிலிருந்து இரண்டு நண்டு, ஒரே அலையிலிருந்து தண்ணீர். இரண்டு கண்ணாடி பாட்டில்களில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். பட்டறையில் கிடந்த செம்புக் குழாய்த் துண்டை ஒன்றில் போட்டாள், மற்றதில் ஒன்றும் போடவில்லை. செம்பு போட்ட பாட்டிலில் நண்டு செத்தது. மற்றது பாட்டிலைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அப்பா வேலைக்குக் கிளம்புகிற நேரம், இரண்டையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள்.

அப்பா குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். “சரி, தெரிஞ்சு போச்சில்லா” என்றார். “அண்ணன்ட்ட போய்ச் சொல்லிராத.”

பெரியப்பாவுக்குத் தெரியாது. தெரியாமல் செய்ததை ஒருவன் மன்னித்துத் தொலைக்கலாம். அப்பாவுக்கு அன்று காலை தெரிந்துவிட்டது. டீச்சர் மறுபடியும் வந்தார். நடந்ததை நேரில் வந்து சொன்னால் தலைமையாசிரியை இன்னும் ஒரு முறை யோசிப்பார், நீங்கள் வந்தால் போதும் என்றார். அப்பா போகவில்லை. போனால் அண்ணன் தொட்டியால்தான் மீன் செத்தது என்று சொல்ல வேண்டும். அதற்குள் அந்தக் கமிட்டிக்காரர் தன் வீட்டுக்கும் மச்சான் வீட்டுக்கும் தங்கமீன் வளர்க்கத் தொட்டி கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். குழாய்த் தண்ணீருக்கும் தங்கமீனுக்கும் பெரியப்பாவின் தொட்டி ஒரு கெடுதலும் செய்யவில்லை. மாதுங்காவில் வீட்டுக்கு வீடு கேட்டார்கள். செம்பூரிலிருந்தும் கேட்டார்கள்.

மைக்கில் சொன்ன கைத்தொழில் இதுதான். பள்ளி திறந்த மாதம் அக்கா பட்டறையில் உட்கார்ந்தாள். சுண்ணாம்புப் பொடியையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்த பட்டியை, கண்ணாடியும் இரும்பும் சேருகிற இடுக்கில் கட்டைவிரலால் அழுத்துகிற வேலை. பெண்பிள்ளை விரல்தான் அதற்குத் தோது என்று பெரியப்பா சொல்வார். கல்யாணம் ஆகிப் போகிறவரை அழுத்தினாள்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் நான் பையோடு பட்டறை வாசலில் போய் நிற்பேன். சுற்றிலும் கண்ணாடித் தொட்டிகள், நடுவில் அக்கா. தொட்டி என்றால் அவளுக்கு உயிராயிற்றே, இப்போது எத்தனை தொட்டி என்று எனக்கு ஒரே சந்தோஷம். கூடப் படிக்கிற பையன்களைக் கூட்டிவந்துகூடக் காட்டியிருக்கிறேன். கூப்பிட்டால் அவள் நிமிர மாட்டாள். என் தோளில் தொங்குகிற பை கண்ணில் படாதபடி முகத்தைத் தொட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்வாள். வேலையில் அக்காவுக்கு அவ்வளவு ஆசை என்று பையன்களிடம் சொன்னேன்.

14 ஜூன் 1998