செம்பில் வெட்டிய எண்

எழுத்துப் பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புவரை படித்ததுதான் என் படிப்பு. மறதியும் வந்துவிட்டது. நேற்று வாங்கிய சீனியை எங்கே வைத்தேன் என்று இன்று தேடுகிறேன்.

ஆனால் இதை மறக்கவில்லை. என் சித்தப்பாவின் பட்டாளத்துக் கடுதாசிகளை அடுப்பில் போட்டு எரித்தவள் நான். வேறு யாருமில்லை, நான்தான்!

முப்பது வருடமாக ஒருவரிடமும் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். இதைப் படிக்கிற உங்கள் முகம் எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

சித்தப்பா பெயர் முத்துசாமி. உக்குவளைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் கொக்கோ காயவைக்கும் ஸ்டோரில் வேலை. வெள்ளைக்காரர்களின் பெரிய சண்டைக்கு ஆள் எடுத்தபோது கப்பலேறிப் போனார். அவர் பெண்சாதி பார்வதி சின்னம்மாவின் கையில் அப்போது மகள் செல்லம், பால்குடி மறவாத குழந்தை. எனக்கு ஒன்பது வயது.

அவரிடமிருந்து இரண்டு தமிழ்க் கடுதாசிகள் வந்தன. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்களில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான்தான் சின்னம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எங்கு பார்த்தாலும் மணல், மழையே கிடையாது, பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று எழுதியிருந்தார். ஊர்ப்பெயர் இருந்த இடத்தில் கறுப்பு மை பூசியிருந்தது. பட்டாளத்தார் அப்படி மறைத்துத்தான் அனுப்புவார்களாம்.

மூன்றாவதாக ஓர் இங்கிலீஷ் தாள் வந்தது. தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயாவிடம் காட்டலாம் என்று அப்பா கேட்டார். சின்னம்மா கொடுக்கவில்லை.

"என்ன எழுதியிருந்தா என்னங்க மச்சான்? அவரே வந்து படிச்சுச் சொல்லட்டும்" என்றாள்.

அந்தத் தாள் யாரும் படிக்காமலே, மற்ற இரண்டு கடுதாசிகளோடு பிஸ்கட் டின்னுக்குள் போனது. சின்னம்மா பொட்டும் தாலியுமாகவே இருந்தாள்.

அந்த வருடம் தீபாவளி முடிந்து, பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர் லயத்துக்கு வந்தார். சின்னம்மா தன் சீர்ச்செம்பை நீட்டி, புருஷன் பேரை வெட்டச் சொன்னாள். எப்படி எழுதுவது என்று அவர் கேட்க, கடுதாசி உறையை எடுத்துக் கொடுத்தவள் நான். உறையின் பின்பக்கத்தில் சித்தப்பாவின் பேர் இங்கிலீஷில் இருந்தது. அந்த மனிதருக்கும் இங்கிலீஷ் தெரியாது. எது பேர், எது பேரில்லை என்று பார்க்காமல் அந்த வரியை முழுசாக அப்படியே உளியால் வெட்டிவிட்டார். "எம்மாம் பெரிய பேரு!" என்று லயமே சிரித்தது.

அதை அங்கேயே விட்டுவிடுகிறேன். பிறகு வருகிறேன்.

எழுபதுகளில் பிரஜாவுரிமை விசாரணை வந்தது. தோட்டத்துத் தமிழர்களில் யார் இந்த நாட்டில், யார் இந்தியாவுக்கு என்று பிரித்தார்கள். மனுப் போடுவதற்கு உதவிய பழைய கணக்கப்பிள்ளை எங்கள் வாசலில் நின்று சொன்னார்:

"இடைவிடாம இந்த நாட்டுலயே இருந்தோம்னு காட்டணும். குடும்பத்துல எவனாச்சும் வெளிநாடு போயிருந்தா, அதக் கிளறாதீங்க. கிளறினா மொத்தப் பேரையும் கப்பல்ல ஏத்திருவாங்க."

எனக்கு நாலு பிள்ளைகள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஆனால் சின்னம்மாவுக்கு ஒரே சந்தோசம்! "எங்க வீட்டுக்காரரு சண்டைக்குப் போன கடுதாசி எங்கிட்ட இருக்கு. ராசாவுக்கே உழைச்ச மனுசன். அதக் காட்டுனா ஏன் குடுக்க மாட்டாங்க?" என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வந்த எல்லாரிடமும் சொன்னாள்.

விசாரணைக்கு இரண்டு நாள் இருந்தது. சின்னம்மாவும் செல்லமும் மலைக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி நான் வீட்டில் நின்றுகொண்டேன். அவர்கள் அறை பக்கத்துக் காம்பிராதானே... நாங்கள் எப்போது பூட்டினோம்? டின்னைத் திறந்தேன், மூன்று கடுதாசிகளையும் உறையோடு எடுத்தேன், அடுப்பில் வைத்தேன். இங்கிலீஷ் தாள் தடிப்பானது. தீ சீக்கிரம் பிடிக்கவில்லை. ஊதுகுழலால் ஊதினேன்.

அன்று மாலை வெறும் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு சின்னம்மா என்னிடம்தான் ஓடிவந்தாள்.

"நீங்களே எங்கயாச்சும் மாத்தி வச்சிருப்பீங்க சின்னம்மா" என்றேன். என் வாயால்தான் சொன்னேன்!

எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அவர்களுக்கு இந்தியா.

உக்குவளை ஸ்டேசனில் கோச்சி நிற்கையில் சின்னம்மா தன் மூட்டையை அவிழ்த்து அந்தச் செம்பை என் கையில் வைத்தாள். "அவரு தேடி வந்தா இதுல தண்ணி குடுத்துட்டு, நாங்க போன எடத்தச் சொல்லு" என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன முகம் இருந்தது?

சில வருடங்களுக்கு முன், இந்த நாட்டுக்குள் நடந்த சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த நாளில் செல்லம் வந்தாள். நீலகிரியிலிருந்து, தலை நரைத்து, தடி ஊன்றிக்கொண்டு. அக்கா என்று கட்டிப்பிடித்தாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

"அப்பா எந்த நாட்டுல இருந்தாரு, எங்க போய்ச் சேந்தாரு... அது மட்டும் தெரியணும் அக்கா. செத்த நாள் தெரியாம ஒரு திதிகூட குடுக்கல. எங்க வீட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்துல அவருக்கு ஒரு எடம் வெறுமையாவே இருக்கு."

நான் தலையாட்டினேன்.

"விசாரணை பண்ணுன ஐயா நல்ல மனுசனாம். பட்டாளத்துக் கடுதாசி ஒன்னே ஒன்னு காட்டும்மா, இந்த நாட்டுலயே இருக்கப் பேர எழுதிக்கிறேன்னாராம். அம்மா வெறுங்கையோட நின்னுச்சு. சாகுற வரைக்கும் தன்னையேதான் திட்டிக்கிச்சு. எங்க வச்சேன், எங்க வச்சேன்னு... கடைசி நாள்லகூட தலகாணிக்கு அடியில தேடிச்சு."

எந்தத் தாள் எங்களைக் கப்பலேற்றும் என்று எரித்தேனோ, அந்தத் தாள் அவர்களை இங்கேயே நிறுத்தியிருக்குமா!

செல்லம் நிறுத்தவில்லை. "வெளிநாட்டுல பழைய பட்டாளப் புத்தகமெல்லாம் வச்சிருக்காங்களாம். அப்பா பேருக்கு முன்னால ஒரு நம்பர் இருந்திருக்கும், அத எழுதிப் போட்டா எங்க இருந்தாரு, எங்க பொதச்சாங்கன்னு தேடிச் சொல்லுவாங்களாம். அந்த நம்பருக்கு எங்க போவேன்?"

எம்மாம் பெரிய பேரு... அது பேரில்லை! பேருக்கு முன்னால் இருந்தது நம்பர்! மூன்று அடி தள்ளி, சமையல் குசினிக் கதவுக்குப் பின்னால், தண்ணீரோடு இருந்தது அந்தச் செம்பு. நாள் தவறாமல் நான் கையில் எடுப்பது.

அவளே கேட்டாள். "அம்மா குடுத்த செம்பு இருக்கா அக்கா? ஒருக்காத் தொட்டுப் பாக்கணும்."

"எண்பத்திமூணு கலவரத்துல போயிருச்சு செல்லம்" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. செம்பை எடுத்தால் உறையைக் கேட்பாள், உறையைக் கேட்டால் டின்னைக் கேட்பாள் என்று பயந்து வாய் தானாகச் சொன்னது. அந்தக் கலவரத்தின் தலையில் எதைத் தூக்கிப்போட்டாலும் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. செல்லமும் கேட்கவில்லை. என் கையைத் தடவிக்கொடுத்து, "போனாப் போகுது அக்கா, உசிரு தப்பிச்சீங்களே" என்றாள்.

அவள் போன பிறகு செம்பை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து நானே அந்த எண்ணையும் பாதி அழித்திருக்கிறேன். இதைவிட என்ன பாவம் இருக்கிறது? தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. முதலாவது, கடுதாசிகளை எரித்தது, தெரிந்தே செய்தது.

செல்லத்தின் விலாசம் என்னிடம் இருக்கிறது. இரண்டு தடவை பேனா எடுத்தேன். "அன்புள்ள தங்கச்சிக்கு" என்பதைத் தாண்டிக் கை போகவில்லை. அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது? அவர் செத்ததா, வருவதா? சின்னம்மா பொட்டோடு காத்திருந்தது ஓர் ஆளுக்கா, இல்லாத ஆளுக்கா? ஊதி ஊதி எரித்தவளுக்கே தெரியாது.

தேடத் தெரிந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் இந்த நம்பரைப் பட்டாளப் புத்தகங்களில் தேடிப் பாருங்கள். முதலில் வளைந்த ஓர் இங்கிலீஷ் எழுத்து, அரிவாள்போல். பிறகு 2. பிறகு 0. அடுத்தது 1 அல்லது 7, விரலால் தடவினால் 7 போல் இருக்கிறது, கண்ணால் பார்த்தால் 1. பிறகு 4. கடைசி இலக்கம் தேய்ந்தே போய்விட்டது. அதன் பின்னால் முத்துசாமி.

எனக்குக் கண் சரியில்லை. இருக்கும் இலக்கங்களையாவது சரியாகத்தான் எழுதினேனா என்று யாராவது வந்து ஒரு தடவை செம்பைப் பாருங்கள். இனி அதைத் தேய்க்க மாட்டேன்.