சாப்பாட்டோடு டீ கிடையாது

எங்கள் விடுதியில் சாப்பாட்டுக் கூடத்துக்கும் தட்டு கழுவும் இடத்துக்கும் நடுவே ஒரு ஜன்னல் உண்டு. நூற்றுப் பத்துப் பெண் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து, தட்டை அந்த ஜன்னலில்தான் வைப்பார்கள். நான் இந்தப் பக்கம் நின்று வாங்கிக் கழுவுவேன். பிள்ளைகளுக்கு என் கைகள் தெரியும். முகம் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கு அது வசதியாகவே இருந்தது.

சாப்பாடு முடிகிற நேரம் சமையல்கார அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு என் பக்கத்தில் வந்து நிற்பார். நான் முன்பு வேலை பார்த்த இடங்களில் சமைக்கிறவர்கள் சாப்பாடு வெளியே போவதோடு சரி. இவர் திரும்பி வருவதைப் பார்ப்பார். ரொட்டியின் ஓரம் மட்டும் மிஞ்சியிருந்தால், "இவளுக்குப் பல் வலி" என்பார். இருக்கும். சோற்றைத் தட்டு முழுக்கப் பரப்பி, சாப்பிட்டதுபோலக் காட்டியிருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். மறுநாள் அந்தப் பிள்ளைக்குப் பாதி அளவு பரிமாறி, எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை வராது. பத்து நாளில் அந்தப் பிள்ளை தானாக இன்னொரு கரண்டி கேட்கும். மாதாந்திர வலியில் சாப்பாட்டைத் தொடாமல் போனவளுக்கு, யாரும் கேட்காமலே இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீரும் வயிற்றில் வைத்துக்கொள்ளச் சூடான துணியும் போகும்.

பிள்ளைகள் அவருக்கு 'தட்டு டாக்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருத்தி வேண்டுமென்றே தட்டை நீட்டி, "டாக்டரம்மா, எனக்கு என்ன வியாதி?" என்று கேட்டாள்.

"வாய் வியாதி. தட்டுல ஒண்ணும் மிச்சமில்ல, நாக்குலதான் மிச்சம் இருக்கு."

ஆனால் தன் வைத்தியத்தின் எல்லை அவருக்குத் தெரியும். காய்ச்சலோ, இரண்டு நாள் தாண்டிய வலியோ என்றால், செவ்வாயும் வெள்ளியும் வருகிற நர்ஸிடம் கையைப் பிடித்து அழைத்துப் போய்விடுவார்.

அந்த ஜன்னலில் அவர் கண்ணுக்குத் தப்பியவள் ஒருத்திதான். எல்லோரும் 'நெட்டை' என்று கூப்பிடுகிற பதினைந்து வயதுப் பெண். அவள் தட்டு கழுவினாற்போல் வரும். கீரை, பருப்பு எதுவும் ஒட்டியிருக்காது. அக்காவுக்கு அவள் செல்லம். தட்டைக் காலி செய்கிற பிள்ளைக்குப் பரிசாக இரண்டாவது தம்ளர் டீ என்று அக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தார். பாலில்லாமல், கறுக்கக் கொதித்த டீ. அந்த அண்டா கூடத்தின் வாசலிலேயே இருக்கும். சாப்பாட்டோடு சாப்பாடாகப் பிள்ளைகள் அதைத் தண்ணீர் மாதிரி குடிப்பார்கள். இரண்டாவது தம்ளர் நெட்டைக்கு மூன்று வேளையும் தவறாது.

அவள்தான் துணி வாளியோடு மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். ரத்த அளவு பார்த்ததில் எட்டுக்குச் சற்று மேல் இருந்தது. குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். நர்ஸ் மாத்திரை கொடுத்தார், டாக்டரிடமும் அனுப்பினார். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் அதே எட்டு. அதற்குள் இன்னும் இரண்டு தடவை விழுந்துவிட்டாள்.

வார்டன் கெட்டவர் இல்லை. பயந்தவர். இன்னும் இரண்டு மாதத்தில் ரத்தம் பத்தைத் தாண்டாவிட்டால், ஒரு வருடம் வீட்டில் இருந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு வரட்டும் என்று முடிவு சொன்னார். வீட்டில் அவளுக்கு அம்மா இல்லை. அப்பா லாரி ஓட்டுகிறார். கீழே இரண்டு தங்கைகள். போனால் அடுப்படிதான், திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. என்னையும் ஒரு வருடம் என்று சொல்லித்தான் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள்.

அவள் சரியாகச் சாப்பிடுகிறாளா என்று நர்ஸ் கேட்டபோது அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. கீரை, பருப்பு, வாரத்துக்கு மூன்று முட்டை என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். மூன்று நாள் நெட்டைக்கு இரட்டிப்பாகப் பரிமாறினார். தட்டு அப்படியே காலியாக வந்தது. அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்க அதில் ஒன்றும் இல்லை.

நான்காம் நாள் அடுப்பை என்னிடம் விட்டுவிட்டுக் கூடத்துக்குள் போய், நெட்டைக்கு எதிரே முதல் கவளத்திலிருந்து உட்கார்ந்துகொண்டார். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். நெட்டை கீரையைச் சாப்பிட்டாள், டீயை உறிஞ்சினாள். பருப்பைச் சாப்பிட்டாள், டீயை உறிஞ்சினாள். தட்டு காலியானதும் எழுந்து போய் இரண்டாவது தம்ளரை நிரப்பிக்கொண்டு வந்தாள். பாவாடைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து, அந்த டீயிலேயே விழுங்கினாள்.

அக்கா வெள்ளிக்கிழமைவரை பொறுத்திருந்தார். நர்ஸ் வந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றார். நான் அங்கே தம்ளர் எடுக்கப் போனவள், எடுக்காமல் நின்றுவிட்டேன்.

"டீயிலயா போடுறா? நான் தண்ணின்னு தானே சொன்னேன்," என்றார் நர்ஸ். பிறகு பொறுமையாக விளக்கினார். கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்தைக் கறுத்த டீ பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புக்குப் போய்ச் சேரவிடாது. மாத்திரைக்கும் அதே கதிதான். எலுமிச்சை, கொய்யா போன்றவை அதற்கு நேர் எதிர், உள்ளே இழுத்துக் கொடுக்கும்.

"இப்படி எவ்வளவு நாளா குடுக்கறீங்க, அக்கா?"

"பதினாலு வருஷமா."

டீ மட்டுமே காரணமாக இருக்காது, அந்தப் பிள்ளைக்கு மாதாமாதம் ரத்தப்போக்கும் அதிகம், அதற்கு டாக்டர் தனியாக மருந்து எழுதியிருக்கிறார் என்று நர்ஸ் ஆறுதல் சொன்னார். அக்கா அந்த ஆறுதலைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

அண்டாவைச் சத்தமில்லாமல் உள்ளே தூக்கி வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். நான் அப்படித்தான் செய்திருப்பேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அன்று மாலைச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் உட்கார்ந்ததும், அவர் கூடத்தின் நடுவில் போய் நின்று கரண்டியால் தட்டைத் தட்டினார்.

"பிள்ளைங்களா, சாப்பாட்டோட நான் குடுத்த டீ தப்பு. சாப்பிட்ட சத்தையெல்லாம் அது ஒட்டவிடாதாம். தெரியாம செஞ்சேன். நெட்டை மயங்கி விழுந்ததுல என் பங்கும் இருக்கு. இனி சாப்பாட்டோட டீ கிடையாது, ஒன்றரை மணி நேரம் கழிச்சுத்தான். கோபம் வந்தா என்னைத் திட்டுங்க. அவளைத் திட்டாதீங்க."

நான் கையில் இருந்த தட்டைக் கழுவ மறந்து நின்றேன். தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தவறு செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நூறு பேர் நடுவில், கேட்பார் இல்லாமல், அதைத் தானே எடுத்து வைத்தவரை அதுவரை பார்த்ததில்லை.

பிள்ளைகள் திட்டத்தான் செய்தார்கள். தட்டு டாக்டர் ஒரே நாளில் 'டீ திருடி' ஆனார். சமையலறைக் கதவில் அதைச் சாக்பீஸால் பெரிதாக எழுதினார்கள். துடைக்கத் துணியோடு போன என்னை அக்கா தடுத்தார். "எழுத்து முத்துமுத்தா இருக்கு, விடு." வார்டனிடம் புகார் போனது. டீயை நிறுத்தவில்லை, நகர்த்தியிருக்கிறேன் என்று அவருக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தார்.

கடைசியில் நெட்டையே வந்து நின்றாள். அவளால்தான் டீ போயிற்று என்று அறையில் யாரும் அவளோடு பேசுவதில்லையாம்.

"பழையபடி குடுத்துடுங்க அக்கா. நான் மட்டும் குடிக்காம இருந்துக்கறேன்."

"கண்ணு, இது உனக்கு மட்டும் சொன்னதில்ல. போய்ச் சாப்பிடு. எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு விட்டுக்கோ."

கீரையின் மேல் எலுமிச்சை, சாப்பாட்டுக்குப் பின் ஆளுக்குப் பாதிக் கொய்யா என்று ஆனது. மாத்திரை குமட்டுகிறது என்று நெட்டை இரண்டு நாள் ஒளித்ததையும் அக்கா கண்டுபிடித்தார். நர்ஸைக் கேட்டு, நான்கு கவளம் உள்ளே போன பிறகு எலுமிச்சைத் தண்ணீரில் போட வைத்தார். விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றார். மூன்றாவது வாரம் நெட்டை மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறுவதைப் பார்த்தேன். அக்காவிடம் சொன்னேன். "ஏறட்டும், ரத்தம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்," என்றார். அவர் கை மட்டும் அரிவாள்மணையில் நின்றுவிட்டது.

இரண்டு மாதம் முடிந்த செவ்வாயன்று நர்ஸ் தாளோடு சமையலறைக்கே வந்தார். வார்டனும் பின்னால் வந்தார். நெட்டை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பத்தே முக்கால்," என்றார் நர்ஸ்.

நெட்டை வார்டனைத்தான் பார்த்தாள். "அப்போ நான் போக வேண்டாமா, மேடம்?"

வேண்டாம் என்றார் வார்டன். மருந்தை மட்டும் நிறுத்தக்கூடாது என்றார் நர்ஸ். நெட்டை அக்காவின் ஈரக்கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, வகுப்புக்கு ஓடிப் போனாள்.

இதோடு முடிந்தது என்று நான் பாத்திரத்துக்குத் திரும்பினேன். அக்கா நர்ஸின் வழியை மறித்து நின்றிருந்தார். தட்டைக் காலி செய்து இரண்டாவது தம்ளர் வாங்கியவர்கள் இன்னும் இருக்கிறார்களே, அவர்களுக்கும் பார்க்க வேண்டாமா என்று கேட்டார். எல்லோருக்கும் பார்த்து, நிறையப் பேருக்குக் குறைவாக இருந்தால் விடுதிக்குத்தானே கெட்ட பெயர் என்றார் வார்டன்.

"என் பேரைச் சொல்லுங்க மேடம். ஆனா பார்த்துடணும்."

இரண்டு வாரம், சாப்பாட்டுக் கூடத்தில் மேசை போட்டு, ஒவ்வொரு பிள்ளையாக விரலை நீட்டியது. அக்கா அடுப்புக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தார். கடைசி வெள்ளிக்கிழமை நர்ஸ் கூட்டிப் பார்த்துச் சொன்னார். பதினொரு பேருக்குக் குறைவு.

"பதினொண்ணு," என்று அக்கா ஒரு தடவை சொல்லிக்கொண்டார். அந்தப் பதினொரு பேரும் யார் யார் என்று நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பருப்பு வேகவைக்கப் பெரிய பாத்திரத்தை இறக்கித் தரும்படி என்னிடம் சொன்னார்.