பொம்மைப் படத்துக்கு ஒன்பது சொற்கள்

திகாம் பத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் நவமணிக்கு இங்கிலீஷ் பைத்தியம். ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து இங்கிலீஷுக்குத் தடை போட்ட காலத்திலும், துரை பங்களாவில் ஆயாவாக இருந்த பிரேமாவதியிடம் ரகசியமாகப் படித்துவந்தாள்.

ஜப்பான்காரர்கள் திடலில் பொம்மைப் படம் காட்டினார்கள். "படம் எப்படின்னு பத்து அட்ஜெக்டிவ் எழுதிட்டு வா," என்றிருந்தாள் பிரேமாவதி. குரங்குச் சிப்பாய் போட்ட குட்டிக்கரணத்தில் சொக்கிப்போன நவமணி, சொற்கள் மறந்துவிடுமே என்று பாதியிலேயே வீட்டுக்கு ஓடி, ஃபன்னி, ஸ்வீட், பிரேவ் என்று எழுதித் தள்ளினாள்.

விடிந்ததும் தாளை நீட்டினாள். "அக்கா, ஒன்னுதான் குறையுது!"

பிரேமாவதியின் கண்கள் வீங்கியிருந்தன. "படம் முடிஞ்சதும் ஆம்பளைங்கள வளைச்சு லாரில ஏத்திட்டான். சயாம் காட்டுல ரயில் பாதை போடவாம். எங்க வீட்டுக்காரரும் போயிட்டாரு."

பிறகு தாளை வாங்கி, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"ஒன்பதும் சரிதான்," என்று திருப்பிக் கொடுத்தாள்.

நவமணிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.