கொல்லைப்புறத்தில் சோறு

அம்மாவுக்கு மறதி நோய் வந்ததில் எனக்குக் கோபமில்லை. வயதானால் வரும். எல்லாவற்றையும் மறந்தவள் எதை மிச்சம் வைத்துக்கொண்டாள் என்பதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். நான் வாத்தியாரானது மறந்துவிட்டது. திருக்காட்டுப்பள்ளியில் நான் கட்டிய வீடு மறந்துவிட்டது. இளம் வயதில் அவள் கூலிக்கு நாற்றுப் பறித்த பண்ணை மட்டும் அழியாமல் இருக்கிறது.

விடிந்ததும் கொல்லைக்குப் போய்விடுவாள். என் மனைவி ஆசையாக வளர்த்த கனகாம்பரத்தையும் கீரையையும் வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, வாழைநாரால் நாற்றைப்போல முடி முடியாகக் கட்டி வரிசையாக வைப்பாள். போகட்டும், செடிதானே. சாப்பாட்டில்தான் தகராறு. வீட்டுக்குள் கால் வைக்கமாட்டாள். கையைப் பிடித்து இழுத்தால், இருக்கிற நாலு பல்லால் கடிப்பாள். கண் சொக்கும்போதுதான் உள்ளே கூட்டிவர முடியும். சரியென்று தட்டைக் கொல்லைக்கே கொண்டுபோய் நீட்டினாலும் தொடமாட்டாள்.

"ஆண்டை இன்னும் சொல்லலயே, எப்புடித் திங்கிறது?" என்பாள்.

ஆண்டை என்றால் அந்தப் பண்ணைக்காரன். அவன் செத்து எத்தனையோ காலமாகிறது. பேரன்கள் நிலத்தை விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டார்கள். ஊரைவிட்டே ஒழிந்த ஆள் என் அம்மாவின் தலைக்குள் மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் வாய் திறக்காமல் அவள் சோறு தின்னமாட்டாள்!

சென்னையிலிருந்து தங்கை போன் செய்வாள். "அண்ணே, அம்மாகிட்ட கொஞ்சம் பொறுமையா பேசிப் பாருங்க." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நீ வந்து பேசு" என்று போனை வைத்துவிடுவேன். தஞ்சாவூர் டாக்டரோ இன்னும் ஒரு படி மேலே போனார். "எதிர்த்துப் பேசாதீங்க சார். அவங்க எந்த உலகத்துல இருக்காங்களோ, அங்க நீங்களும் போய் நில்லுங்க." அந்த உலகத்தில் நான் எங்கே நிற்கமுடியும் என்று அவருக்குத் தெரியுமா? மாட்டுக் கொட்டகையில்.

அம்மாவுக்குச் சர்க்கரை வேறு. மாத்திரை தூக்கக் கலக்கத்தில் உள்ளே போகிறது, சோறு போகவில்லை. ஒருநாள் பிடுங்கிய செடிகளின் மேலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "இப்படியே சாப்பிடாம இருந்தா மூக்குல டியூப் போட்டுத்தான் கஞ்சி ஊத்தணும். பிடுங்கிடுவாங்க, அதனால கையக் கட்டி வைக்கவேண்டி வரும்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். "ஏங்க, அத்தை அந்த ஆள் சொல்லத்தானே காத்திருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை..."

கையிலிருந்த சொம்பைச் சுவரில் அடித்தேன். "என்னைய அவனா மாறச் சொல்றியா? எங்கம்மாவ நான் அதட்டணுமா?"

"அப்ப கையக் கட்டிருவீங்களா?" என்றாள் அவள்.

சட்டையை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டேன். அன்று வகுப்பில் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் மத்தியானம் அம்மா வெயிலில் குந்தியிருந்தாள். பக்கத்தில் தட்டு ஆறிக்கொண்டிருந்தது. நான் பின்வாசல் படியில் நின்றேன். அவனைப்போலத் தோளில் துண்டைப் போட்டிருந்தேன். அதற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஏய்! வேலை போதும். சோத்தத் தின்னு."

அம்மா பதறி எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினாள். "சரிங்க ஆண்டே." பிறகு உட்கார்ந்து தின்றாள். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றாள். எனக்குப் பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. பெற்ற தாய் வயிறு நிறையச் சாப்பிடுகிறாள், எனக்கோ யாரையாவது அடிக்கவேண்டும் போலிருந்தது. அடிக்க ஆள்தான் இல்லை.

தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அம்மா படிக்குக் கொஞ்சம் தள்ளி வந்து நின்றாள். கைகூப்பினாள்.

"ஆண்டே, எம் பயல மாடு மேய்க்க அனுப்பலன்னு கோவிச்சுக்காதீங்க. பள்ளிக்கொடத்துல சேத்துட்டேன். நீங்க அடிச்சாலும் சரி, அவன அனுப்பமாட்டேன்."

கை கூப்பியிருந்தது. குரலில் மட்டும் துளி நடுக்கமில்லை.

"படிக்கட்டும்" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை. அம்மா கையை இறக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"படிக்கட்டும்! யாரும் அவன மாட்டுக்குக் கூப்புட மாட்டாங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

அப்புறம்தான் அம்மா கையை இறக்கினாள்.